பேக்கப் இருந்தால் போதுமா? டர்பனில் தரவுத்தளப் பொறுப்பேற்ற ஒருவருக்கு விரிவான பதில்

தம்பி, நீங்கள் கேட்டிருப்பதன் சாரம் இது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை நம்பி இயங்கும் நடுத்தரச் சரக்கு முகவர் நிறுவனம் ஒன்றில் மென்பொருள் உதவிப் பிரிவில் இருந்தீர்கள். தரவுத்தளங்களைப் பார்த்துக்கொண்டவர் வேலையை விட்டுப் போனதால், போஸ்ட்கிரெஸ் மென்பொருளில் இயங்கும் இரண்டு தரவுத்தளங்களும், மைஎஸ்க்யூஎல் மென்பொருளில் இயங்கும் பழைய தரவுத்தளம் ஒன்றும் ஒரே வாரத்தில் உங்கள் பொறுப்புக்கு வந்துவிட்டன. முதல் மூன்று மாதங்களில் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கிறீர்கள். உங்கள் குடும்பம் சேர்ந்த கோயிலின் உறுப்பினர் பதிவேட்டில் தமிழ்ப் பெயர்களெல்லாம் கேள்விக்குறிகளாகத் தெரிவதையும் கடைசியில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். இந்த ஊரில் பதினைந்து ஆண்டுகளாக இதே வேலையைச் செய்து வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து எனக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

குவரிகளை (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்விகளை) வேகப்படுத்துவது, தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸ் சேர்ப்பது, புதிய பதிப்புக்கு மாறுவது எல்லாவற்றையும் முதல் இரண்டு வாரங்களுக்குத் தள்ளி வையுங்கள். அந்த இரண்டு வாரத்தில் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: நேற்று இரவு எடுத்த பேக்கப்பை வேறொரு கணினியில் மீட்டெடுத்து, அதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வைப்பது. பேக்கப் கோப்பு இருக்கிறது, அளவும் சரியாகத் தெரிகிறது, லாகிலும் (செயல்பாட்டுப் பதிவிலும்) பிழை இல்லை என்பதெல்லாம் மீட்க முடியும் என்பதற்குச் சான்றாகாது. மீட்டுப் பார்த்ததுதான் சான்று.

2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமித்து நிர்வகிக்கும் சேவை தரும் கிட்லாப் நிறுவனத்தில் நடந்ததைத் தரவுத்தள வேலைக்கு வருகிற ஒவ்வொருவரும் ஒருமுறை முழுமையாகப் படிக்க வேண்டும். அந்த நிறுவனமே ஒளிவுமறைவின்றி எழுதி வெளியிட்டதால் விவரங்கள் யாவும் கிடைக்கின்றன. முதன்மை சர்வரின் தரவைத் துணை சர்வருக்கு நகலெடுக்கும் ரெப்ளிகேஷனில் ஏற்பட்ட பழுதைச் சரிசெய்து கொண்டிருந்த பொறியாளர் ஒருவர், துணை சர்வரில் அழிக்க வேண்டிய கோப்புறையை இரவு வெகு நேரம் கழித்துத் தவறுதலாக முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு வினாடிகளில் உணர்ந்து நிறுத்தியும், ஏறத்தாழ 300 ஜிபி தரவில் 4.5 ஜிபி மட்டுமே எஞ்சியது. அதன் பிறகு தெரிய வந்ததுதான் இன்னும் கொடியது. தினமும் ஓடிப் பேக்கப் எடுக்க வேண்டிய பிஜி டம்ப், போஸ்ட்கிரெஸ் சர்வர் 9.6 பதிப்பில் இருக்க 9.2 பதிப்புக் கருவியைக் கொண்டு ஓடியதால் நெடுநாளாகத் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களோ அனுப்புநர் சரிபார்ப்பில் தள்ளுபடியாகி யாருக்கும் போய்ச் சேரவில்லை. வேறொரு சோதனைக்காகச் சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்திருந்த ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் அந்நேர நகல்) ஒன்று தற்செயலாக இருந்ததால்தான் பெரும்பகுதி மீண்டது. அந்த ஆறு மணி நேரத் தரவு திரும்பக் கிடைக்கவே இல்லை. அங்கே திறமையான பொறியாளர்களுக்குக் குறைவில்லை. பல வகையான பேக்கப் முறைகளும் அமைக்கப்பட்டிருந்தன. ஒன்றையாவது ஒழுங்காக மீட்டுப் பார்க்கும் பழக்கம்தான் இல்லாமல் போயிருந்தது.

ஆகவே ஒரு பழைய கணினியைக் கேட்டு வாங்கி, அதில் வெறும் இயங்குதளத்திலிருந்து தொடங்குங்கள். முதல் முயற்சி பெரும்பாலும் பாதியில் நிற்கும், அதைக் கண்டு சோர்ந்துவிடாதீர்கள். போஸ்ட்கிரெஸில் ஒரு தரவுத்தளத்தை மட்டும் பிஜி டம்ப் மூலம் எடுத்தால் பயனர் கணக்குகளும் கடவுச்சொற்களும் அதில் வராது. அவற்றை பிஜி டம்ப்ஆல் கருவியின் குளோபல்ஸ் தெரிவைக் கொண்டு தனியாக எடுக்க வேண்டும். இதை விபத்து நடந்த இரவில் கண்டுபிடிப்பதை விட ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் கண்டுபிடிப்பது நல்லது. மைஎஸ்க்யூஎல் பக்கம், ஒவ்வொரு டேபிளும் எந்த எஞ்சினில் (தரவைச் சேமிக்கும் உட்பகுதியில்) இருக்கிறது என்று பாருங்கள். 5.5 பதிப்பிலிருந்துதான் இன்னோடிபி இயல்புநிலை எஞ்சினாயிற்று. அதற்கு முன் உருவான டேபிள்கள் இன்றும் மைஐசாம் என்ற பழைய எஞ்சினிலேயே கிடக்கலாம். டம்ப் எடுக்கும்போது எல்லாம் ஒரே நொடியின் நிலையில் கிடைக்கும் என்று நம்பி நாம் போடுகிற ஒற்றைப் பரிவர்த்தனைத் தெரிவு மைஐசாம் டேபிள்களைக் காப்பாற்றாது. எடுத்துக்கொண்டிருக்கும் வேளையிலேயே உள்ளடக்கம் மாறிப் போகலாம்.

மீட்டெடுத்த பின் வரிகளின் எண்ணிக்கையைப் பார்ப்பதுடன் நின்றுவிடாமல், பயன்படுத்துகிறவர் ஒருவரை அழைத்து உட்கார வையுங்கள். கடைசியாகப் பதிவான கொள்கலன் எது, அதன் சுங்க ஆவணம் சேர்ந்திருக்கிறதா, நேற்றைய பில் தொகை சரியா என்று அவர் பார்த்துச் சொல்லட்டும். பிறகு மேலாளரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: எவ்வளவு நேரத் தரவு தொலைந்தால் தாங்குவோம், எவ்வளவு நேரம் நின்றால் தாங்குவோம்? ஐந்து நிமிடத் தரவு கூடத் தொலையக்கூடாது என்று அவர் சொன்னால், இரவில் ஒருமுறை எடுக்கும் டம்ப் போதாது. போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாக எழுதி வைக்கும் வால் (WAL) கோப்புகளைத் தொடர்ந்து வேறொரு வெளியிடத்துக்கு அனுப்பி, விரும்பிய நிமிடத்துக்கு மீட்கும் ஏற்பாடு வேண்டும். அதற்கான செலவைக் கேட்க உங்களுக்குக் கிடைக்கும் நியாயம், நீங்கள் கடிகாரம் பார்த்துக் குறித்த அந்த எண்தான்.

வெளியிடம் என்று சொன்னேன் அல்லவா, அதில் எனக்கே பட்ட அடி ஒன்று உண்டு. 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் நம் குவாசூலு நட்டால் மாகாணத்தில் பெய்த மழையும் வெள்ளமும் நானூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது நான் வேலை பார்த்த நிறுவனத்தின் சர்வர் அறை தரைத்தளத்தில் இருந்தது. பேக்கப் டிஸ்க்குகளை அதே சாலையில் இரண்டு கட்டடம் தள்ளி இருந்த எங்கள் கிடங்கில் வைத்திருந்தோம். வெளியிடத்தில் வைக்க வேண்டும் என்ற விதியைக் கடைப்பிடித்துவிட்டதாக நானும் நம்பியிருந்தேன். தண்ணீர் இரண்டு கட்டடங்களிலும் ஒரே இரவில் ஏறியது. ஜோகன்னஸ்பர்க் கிளைக்கு வேறு காரணத்துக்காக அனுப்பியிருந்த ஒன்பது நாள் பழைய நகலும், கிளார்க்குகள் வைத்திருந்த காகித ஆவணங்களும்தான் எங்களைக் காப்பாற்றின. அந்த ஒன்பது நாள் பதிவுகளை மூன்று பேர் உட்கார்ந்து கையால் தட்டச்சு செய்தார்கள். வெளியிடம் என்றால் ஒரே வெள்ளமோ ஒரே தீயோ ஒரே மின்தடையோ இரண்டையும் சேர்த்துத் தொடமுடியாத இடம் என்று அன்றிலிருந்து பொருள் கொள்கிறேன்.

மின்சாரத்தைப் பற்றி நம் ஊரில் தனியாகவே பேச வேண்டும். சுழற்சி முறை மின்வெட்டான லோட்ஷெடிங் 2023இல் எந்த அளவுக்குப் போனது என்பதை நாம் எல்லோரும் அனுபவித்தோம். 2024 மார்ச் 26க்குப் பிறகு பத்து மாதம் அது இல்லாமல் இருந்து, 2025 ஜனவரி 31 அன்று திடீரெனத் திரும்பி வந்தது. அந்த அமைதியான மாதங்களில் யுபிஎஸ் பேட்டரிகளை யாரும் சோதிக்காமல் விட்டிருப்பார்கள் என்பதால், உங்கள் சர்வர் அறையிலும் அதை உடனே பாருங்கள். ஆனால் பேட்டரியை விட ஆழமான சிக்கல் டிஸ்க்கில் இருக்கிறது. பரிவர்த்தனை முடிந்தது என்று தரவுத்தளம் சொல்வதற்கு முன், அதன் மாற்றப் பதிவான லாகை டிஸ்க்கில் உண்மையாகவே பதித்துத் தரும்படி இயங்குதளத்தைக் கேட்கிறது. அந்த அழைப்புக்கு எஃப்சிங்க் என்று பெயர். மலிவான எஸ்எஸ்டி டிஸ்க்குகளும், பல டிஸ்க்குகளை இணைக்கும் ரெய்டு அட்டைகளில் பேட்டரி செத்துப்போனவையும் தற்காலிக நினைவகத்தில் வைத்துக்கொண்டே பதிந்துவிட்டது என்று பதில் சொல்லிவிடக்கூடும். அந்த நொடியில் மின்சாரம் போனால், பில் போட்டாயிற்று என்று கிளார்க் கண்ணால் கண்ட பதிவு மறுபடி சர்வர் எழுந்திருக்கும்போது இருக்காது.

இதைக் கண்டுபிடிக்க போஸ்ட்கிரெஸுடனேயே பிஜி டெஸ்ட் எஃப்சிங்க் என்ற சிறு கருவி வருகிறது. நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் டிஸ்க் வினாடிக்கு 120 முறைதான் சுழல முடியும் என்பதால், அப்படிப்பட்ட டிஸ்க் நேரடியாகப் பொருத்தப்பட்ட கணினியில் அந்தக் கருவி வினாடிக்கு ஆயிரக்கணக்கில் எஃப்சிங்க் முடிந்ததாகக் காட்டினால், நடுவில் ஏதோ ஒரு நினைவகம் தானே பதிலளித்துவிடுகிறது என்று அறியலாம். மின்தடைப் பாதுகாப்புள்ள எஸ்எஸ்டி என்றால் அதிக எண்ணிக்கை நியாயமானதே. அப்பாதுகாப்பு உண்டா என்பதைத் தயாரிப்பாளரின் விவரக் குறிப்பில் சரிபாருங்கள். வேகத்துக்காக யாராவது எஃப்சிங்க்கையே அணைத்து வைத்திருக்கிறார்களா என்றும் அமைப்புக் கோப்பைத் திறந்து பாருங்கள். இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எஃப்சிங்க் ஒருமுறை தோற்றபின் மறுபடி அழைத்தால், தரவு பதியாமலேயே வெற்றி என்று லினக்ஸ் சொல்லிவிடக்கூடும் என்பது 2018இல் போஸ்ட்கிரெஸ் உருவாக்குநர்களுக்குத் தெரிய வந்தது. 2019 பிப்ரவரி வெளியீடுகளிலிருந்து அப்படி ஒரு தோல்வி நேர்ந்தால் போஸ்ட்கிரெஸ் உடனே நின்று, லாகிலிருந்து மீண்டும் எழும்படி மாற்றினார்கள். உங்களுடையது அதற்கு முந்தைய வெளியீடு என்றால், மாற்றுவதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

அடுத்து, கையால் செய்யும் வேலை. உற்பத்தி சர்வரில் (அன்றாட வேலை நடக்கும் சர்வரில்) தட்டச்சு செய்யும் ஒவ்வொரு அப்டேட்டையும் டிலீட்டையும் பிகின் என்ற கட்டளையால் ஒரு பரிவர்த்தனையைத் தொடங்கிவிட்டுச் செய்யுங்கள். எத்தனை வரி பாதிக்கப்பட்டது என்று அது காட்டும் எண்ணைப் படித்த பிறகுதான் மாற்றத்தை உறுதியாக்கும் கமிட் கொடுக்க வேண்டும். மூன்று வரி நீங்க வேண்டிய இடத்தில் 41,000 என்று காட்டினால், எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்பும் ரோல்பேக் என்ற ஒரு சொல்லுடன் அன்றைய பொழுது தப்பிக்கும். மைஐசாம் டேபிளில் ரோல்பேக் எதையும் திருப்பிக் கொடுக்காது என்பதால், அவற்றை இன்னோடிபிக்கு மாற்றும் வரை ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் டேபிளின் நகலை எடுத்து வையுங்கள். சோதனை சர்வருக்கும் உற்பத்தி சர்வருக்கும் திரையின் நிறத்தை வேறுவேறாக வைத்துக்கொள்ளுங்கள். வெறும் அறிக்கை பார்க்கும்போது படிக்க மட்டும் உரிமையுள்ள கணக்கில் நுழையும் வழக்கத்தையும் முதல் நாளிலிருந்தே பழகிக்கொள்ளுங்கள்.

பலருக்குத் தெரியாத ஓர் ஆபத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஒரு டேபிளில் புதிய நெடுவரிசை சேர்ப்பது போஸ்ட்கிரெஸில் மில்லிவினாடி வேலை என்று படித்திருப்பீர்கள், அது உண்மைதான். ஆனால் அந்தக் கட்டளைக்கு டேபிளின் மீது முழுப் பூட்டு வேண்டும். கணக்குப் பிரிவில் யாரோ இருபது நிமிட அறிக்கை ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தால், உங்கள் கட்டளை அது முடியும் வரை வரிசையில் நிற்கும். அதற்குப் பின்னால் வருகிற தரவைப் படிக்கும் ஒவ்வொரு சாதாரண செலக்ட் கட்டளையும் உங்கள் கட்டளைக்குப் பின்னால் நிற்கும். ஆக, மில்லிவினாடி வேலை அலுவலகம் முழுவதையும் இருபது நிமிடம் முடக்கிவிடும். பூட்டுக்காகக் காத்திருக்கும் நேர வரம்பை (லாக் டைம்அவுட்) இரண்டு வினாடிக்கு வைத்துவிட்டு இத்தகைய கட்டளைகளைக் கொடுங்கள். பூட்டு கிடைக்காவிட்டால் அது தானே விலகிக்கொள்ளும். சிறிது பொறுத்து மறுபடி முயலலாம். இண்டெக்ஸ் சேர்க்கும்போது கன்கரன்ட்லி என்ற சொல்லைச் சேர்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

கண்காணிப்புக்கு நூறு வரைபடங்கள் வேண்டியதில்லை. டிஸ்க்கில் மீதியுள்ள இடம், நெடுநேரமாகத் திறந்து கிடக்கும் பரிவர்த்தனைகள், கடைசி பேக்கப்பின் வயது, ரெப்ளிகா எனப்படும் துணை சர்வரின் பின்தங்கல் ஆகிய நான்கும் தொடக்கத்துக்குப் போதும். பயன்பாட்டிலிருந்து நீக்கிவிட்ட ரெப்ளிகா எதுவரை படித்தது என்று குறித்து வைக்கும் ஸ்லாட் அழிக்கப்படாமல் கிடந்தால், அதற்காகவே வால் கோப்புகள் குவிந்து டிஸ்க் நிரம்பி சர்வர் நின்றுவிடும். இதை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். தானாக ஏறும் எண்ணைச் சாதாரண முழு எண்ணாக வைத்திருக்கும் டேபிள்களையும் பாருங்கள். அது 2,147,483,647ஐ எட்டியதும் அடுத்த வரி சேராது. கொள்கலன் நகர்வுகளைப் பதியும் டேபிள் போன்றவை நாம் எண்ணுவதை விட வேகமாக அங்கே போய்ச் சேர்கின்றன.

குவரி வேகத்துக்கு வருவோம். ஒரு குவரி எப்படி ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் படிக்கக் கற்றுக்கொள்வதற்கு மாற்று எதுவும் கிடையாது. ஆனால் உங்கள் நிலைமையில் அதற்கும் முன் பார்க்க வேண்டியது தூரம். தரவுத்தளம் ஐரோப்பாவில் ஓரிடத்திலும் செயலி டர்பனிலும் இருந்தால், ஒருமுறை போய்வரவே ஏறத்தாழ 150 மில்லிவினாடி ஆகும். ஒரு திரைக்கு நூறு சிறு குவரிகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் செயலி பதினைந்து வினாடி எடுக்கும். எந்த இண்டெக்ஸும் அதைக் குறைக்காது. மேகக் கணினிச் சேவை தரும் மைக்ரோசாஃப்டின் அஷூர் 2019இலும் அமேசான் 2020இலும் தென்னாப்பிரிக்காவிலேயே மையங்களைத் திறந்துவிட்டன. எனவே பழைய ஏற்பாடு ஏன் அப்படியே தொடர்கிறது என்று கேட்பதில் தவறில்லை.

நெடுவரிசை வகைகளில் நம் நாட்டுக்கே உரிய பொறி ஒன்று உண்டு. நம் அடையாள எண் 13 இலக்கம். முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், தேதி. 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் எண் பூஜ்யத்தில் தொடங்கும். அந்தத் தலைமுறை இப்போதுதான் வேலைக்கும் வாடிக்கையாளர் பட்டியலுக்கும் வந்து சேருகிறது. அடையாள எண்ணை எண் வகையில் சேமித்து வைத்திருந்தால் முன்னால் உள்ள பூஜ்யங்கள் மறைந்து, 13 இலக்கம் 12, 11 அல்லது 10 ஆகிவிடும்; கடைசி இலக்கச் சரிபார்ப்பும் குழம்பலாம். தொலைபேசி எண்ணுக்கும் இதுவே பொருந்தும். கூட்டவோ கழிக்கவோ போவதில்லை என்றால் அதை எழுத்து வகையில் வையுங்கள்.

அடையாள எண்ணைப் பேசும்போதே தனிப்பட்ட தகவல் பாதுகாப்புக்கான போப்பியா சட்டத்தையும் நினைவில் கொள்ளுங்கள். 2013இன் இச்சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுமையாகச் செயல்படுத்தப்படுகிறது. தனிப்பட்ட தகவல் கசிந்தால் தகவல் ஒழுங்குமுறையாளருக்கும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் தெரிவிப்பது கட்டாயம். அபராதம் ஒரு கோடி ராண்ட் வரை போகலாம். நடைமுறையில் கசிவு உற்பத்தி சர்வரை விட சோதனை சர்வரிலிருந்து நேர்வதே எளிது. மீட்டெடுப்பு ஒத்திகைக்கு நீங்கள் கேட்டு வாங்கிய அந்தப் பழைய கணினியும் இதில் அடக்கம். ஒத்திகை முடிந்ததும் அதைத் துடைத்துவிடுங்கள். உருவாக்குநர்களுக்குத் தரும் நகலில் பெயரையும் அடையாள எண்ணையும் மாற்றிக் கொடுங்கள். 2021 ஜூலையில் துறைமுகங்களை நடத்தும் அரசு நிறுவனமான டிரான்ஸ்நெட் மீது நடந்த இணையத் தாக்குதலால் டர்பன் துறைமுகத்தின் கொள்கலன் வேலை முடங்கியதை உங்கள் அலுவலகத்தில் மூத்தவர்கள் சொல்வார்கள். பணம் பறிக்கும் வைரஸை ஏவுகிறவர்கள் முதலில் தேடுவது பேக்கப்பைத்தான். ஆகையால் ஒரு நகலாவது, தரவுத்தள சர்வரின் கடவுச்சொல்லைக் கொண்டு அழிக்க முடியாத இடத்தில் இருந்தாக வேண்டும்.

இயங்குதளத்தை மாற்றும்போது மறக்கக் கூடாதது ஒன்று: 2018இல் வந்த, லினக்ஸின் அடிப்படை நிரல் தொகுப்பான ஜிலிப்சி 2.28 எழுத்துகளை வரிசைப்படுத்தும் முறையை மாற்றிவிட்டது. லினக்ஸ் வகைகளான ரெட்ஹாட் 7இலிருந்து 8க்கோ டெபியன் 9இலிருந்து 10க்கோ போஸ்ட்கிரெஸ் கோப்புகளை அப்படியே தூக்கி வைத்தால், எழுத்து நெடுவரிசைகளின் இண்டெக்ஸ்கள் பழைய வரிசையிலேயே இருக்கும். இருக்கும் வாடிக்கையாளரையே இல்லை என்று தரவுத்தளம் சொல்லும். மாற்றிய உடனே அந்த இண்டெக்ஸ்களை மறுபடி கட்டிவிட வேண்டும்.

இனி கோயில் பதிவேடு. இது சிறிய வேலைதான், ஆனால் 1860 முதல் இந்த மண்ணில் வாழும் குடும்பங்களின் பெயர்கள் சம்பந்தப்பட்டது என்பதால் அவசரப்படாமல் செய்ய வேண்டும். மைஎஸ்க்யூஎல்லில், பதிந்துள்ள பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் என்ற செயற்கூற்றைக் கொண்டு ஒரு பெயரைப் பாருங்கள். ‘3எஃப்’ (3F) என்று வரிசையாக வந்தால் அங்கே இருப்பவை உண்மையாகவே கேள்விக்குறிகள். தமிழ் எழுத்துக்கு இடமில்லாத லத்தீன்1 குறியாக்க நெடுவரிசையில் தமிழைத் திணித்தபோது எழுத்து அழிந்துவிட்டது, எந்தக் கட்டளையாலும் திரும்பாது. ‘ஈ0ஏஈ’ (E0AE) அல்லது ‘ஈ0ஏஎஃப்’ (E0AF) என்று வந்தால் தரவு நலமாக இருக்கிறது. இணைப்பின் எழுத்துக் குறியாக்க அமைப்பை யூடிஎஃப்8எம்பி4 ஆக்கினால் திரையிலும் சரியாகும். ‘சி3ஏ0’ (C3A0) என்று தொடங்கினால் இருமுறை குறியாக்கம் நடந்திருக்கிறது. முதலில் லத்தீன்1க்கும், அங்கிருந்து பைனரிக்கும், பின் யூடிஎஃப்8எம்பி4க்கும் மாற்றி மீட்கலாம்.

நெடுவரிசையின் நீளத்தையும் பாருங்கள். முருகன் என்ற பெயர் கண்ணுக்கு நான்கு எழுத்து; யூனிகோடில் ஏழு குறிகள், யூடிஎஃப்8இல் 21 பைட்டுகள். மைஎஸ்க்யூஎல்லும் போஸ்ட்கிரெஸும் குறிகளை எண்ணுவதால் இருபது என்ற அளவில் அது அடங்கும். ஆரக்கிளில் இயல்புநிலை பைட்டுக் கணக்கு என்பதால் அதே இருபதில் அடங்காது. கொ, கோ போன்ற எழுத்துகளை ஒற்றை உயிர்க்குறியாகவும் இரண்டு குறிகளாகவும் தட்டச்சு செய்ய முடியும், பார்வைக்கு வேறுபாடே தெரியாது. கோவிந்தன் என்று தேடி ஒருவர் கிடைத்து இன்னொருவர் கிடைக்காமல் போவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். சேமிக்கும் முன் என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிவிட்டால் சிக்கல் தீரும். போஸ்ட்கிரெஸ் 13 முதல் அதற்கு நார்மலைஸ் என்ற செயற்கூறு உண்டு.

குடும்பப் பெயரைக் கொண்டு இரட்டைப் பதிவுகளைத் தானாக இணைக்கும் முயற்சி மட்டும் வேண்டாம். கவுண்டர் இங்கே கோவெண்டராகவும் முதலியார் மூட்லியாகவும் ஆவணங்களில் ஏறி நிலைத்துவிட்டன. ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியும் வேறு எழுத்துக்கூட்டலில் இருப்பார்கள். உறுப்பினருக்குத் தனி எண் கொடுத்து, பெயரைத் தமிழிலும் அடையாள அட்டையில் உள்ளபடியும் இரு நெடுவரிசைகளில் வையுங்கள். திருத்தத் தொடங்கும் முன் டேபிளின் நகலை எடுத்து, அதை மீட்டும் பார்த்துவிட்டு, முதலில் பத்துப் பெயர்களில் மட்டும் செய்து பாருங்கள். ‘3எஃப்’ ஆகிவிட்ட பெயர்களைத் தனிப் பட்டியலாக அச்செடுத்துக் கோயில் அலுவலகத்துக்குக் கொண்டு போங்கள். சந்தா ரசீதுப் புத்தகங்களில் அவை கையெழுத்தில் இருக்கும்; படித்துச் சொல்லத் தெரிந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்தால் இரண்டு சனிக்கிழமைகளில் தட்டச்சு செய்து முடித்துவிடலாம்.